பாதம் தெரியும் சட்டம்

ஃபிரெட் அஸ்டேர் 1930களில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவில் ஜிஞ்சர் ராஜர்ஸுடன் ஆடத் தொடங்கியபோது, நடனத்தைப் படமாக்கும் முறையில் ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். ஆடுகிறவரின் உருவம் தலை முதல் பாதம் வரை சட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஷாட் கூடியவரை வெட்டில்லாமல் நீள வேண்டும். ஆட்டத்தின் நடுவே முகத்துக்கு க்ளோஸ் அப் போவதோ, வேடிக்கை பார்ப்பவர்களின் வியப்பைக் காட்டுவதோ அவருக்குப் பிடிக்காது. அதே காலத்தில் வார்னர் ஸ்டுடியோவில் பஸ்பி பெர்க்லி கேமராவை உச்சியில் ஏற்றி, நூறு பெண்களைப் பூவாகவும் சக்கரமாகவும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த அழகு கேமராவுக்குச் சொந்தம். அஸ்டேரின் அழகு அவருடைய காலுக்குச் சொந்தம். அதனால்தான் கால் தெரிந்தாக வேண்டும் என்றார்.

ஹாலிவுட் இசைப்படங்கள் வீட்டுக்கு வந்த கதையை இந்தப் பாதத்தை வைத்தே சொல்லிவிடலாம். கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, ப்ளூரே என்று பெட்டிகள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு பெட்டியிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆடுகிறவரின் பாதம் தெரிகிறதா? இந்தக் கேள்வி மிகக் கடுமையாக விழுவது தொகுப்புப் படங்களின் மேல். ‘தட்ஸ் என்டர்டெய்ன்மென்ட்’ வரிசை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முப்பது ஆண்டுக் காலத்துப் பாடல் காட்சிகள், அவற்றின் எல்லாச் சட்ட அளவுகளோடும் எல்லா நிறங்களோடும், ஒரே படத்துக்குள் அடுத்தடுத்து வருகின்றன.

முதல் படம் வந்தது 1974ல், எம்.ஜி.எம். ஸ்டுடியோவின் ஐம்பதாம் ஆண்டில். எழுதி, தயாரித்து, இயக்கியவர் ஜாக் ஹேலி ஜூனியர். ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் தகர மனிதனாக நடித்த ஜாக் ஹேலியின் மகன். அதே படத்தில் டாரதியாக வந்த ஜூடி கார்லண்டின் மகள் லைசா மினெல்லியை அதே 1974ல் அவர் மணந்தார். இந்தத் தொகுப்புக்குள் லைசா தன் தாயைப் பற்றிப் பேசுகிறார். அஸ்டேர், ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா, பிங் கிராஸ்பி, எலிசபெத் டெய்லர், ஜேம்ஸ் ஸ்டூவர்ட், மிக்கி ரூனி, டெபி ரெனால்ட்ஸ், டொனால்ட் ஓகானர், பீட்டர் லாஃபர்ட் ஆகியோரையும் சேர்த்துப் பதினொரு பேர் தொகுத்து வழங்குகிறார்கள்.

அவர்கள் நின்று பேசும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஸ்டுடியோவின் சொந்தப் பின்வளாகம்தான், ஆனால் பாழடைந்து கிடக்கிறது. 1969ல் கிர்க் கெர்கோரியன் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கினார். அடுத்த ஆண்டே ஆடைகளும் பொருள்களும் ஏலத்துக்குப் போயின. டாரதியின் சிவப்புக் காலணி அந்த ஏலத்தில் 15,000 டாலருக்கு விலைபோனது. நிலமும் பகுதி பகுதியாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தது. ‘பேண்ட் வேகன்’ படத்தின் தொடக்கத்தில் அஸ்டேர் பாடிக்கொண்டே நடந்துவந்த ரயில் நிலையச் செட்டில், இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே அஸ்டேர் நடக்கிறார். பெயின்ட் உரிந்த பெட்டிகளும் உடைந்த பலகைகளும்தான் மிச்சம். எஸ்தர் வில்லியம்ஸ் நீந்திய நீச்சல் குளம் வறண்டு கிடக்க, அதன் ஓரத்தில் நின்று டொனால்ட் ஓகானர் பேசுகிறார். கொண்டாட்டப் படம் என்று விளம்பரம் செய்யப்பட்ட இந்தப் படம், ஒரு ஸ்டுடியோ கலைக்கப்பட்டதன் நேரடிப் பதிவாகவும் இருக்கிறது. வெறும் பாடல் தொகுப்பு என்று அதைத் தள்ளிவைக்கிறவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தொகுப்பின் தொடக்கமே ஒரு பாடம். ‘சிங்கின் இன் தி ரெய்ன்’ என்ற ஒரே பாடல். முதலில் 1929ல் வந்த ‘ஹாலிவுட் ரெவ்யூ’வில், கறுப்பு வெள்ளையில், பேசும்படம் பிறந்த புதிதில். பிறகு 1932ல் ஜிம்மி டுரான்ட். 1940ல் ஜூடி கார்லண்ட். கடைசியாக 1952ல், வண்ணத்தில். ஒரு பாட்டு ஒரு ஸ்டுடியோவுக்குள் எப்படி வயதேறி வளர்ந்தது என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடுகிறது. பாடத் தெரியாதவர்களையும் அந்த நிறுவனம் பாடவைத்தது என்பதற்கு ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கிளார்க் கேபிளும் சாட்சி. ஸ்டூவர்ட் தன் பாட்டைத் தானே அறிமுகப்படுத்துகிறார்.

இனிச் சட்டத்தின் கணக்குக்கு வரலாம். 1953 வரை ஹாலிவுட் படங்களின் சட்டம் ஏறக்குறைய சதுரத்துக்கு நெருங்கியது. உயரம் 1 என்றால் அகலம் 1.37. தொலைக்காட்சி வந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டபின் திரையரங்குகள் அகலத் திரைக்கு மாறின. 1974ல் ‘தட்ஸ் என்டர்டெய்ன்மென்ட்’ பெரிய நகரங்களில் 70 மி.மீ. பிரதியாகவும், ஆறு தட ஸ்டீரியோ ஒலியுடனும் வெளியானது. அந்தத் திரையின் அளவு உயரம் 1க்கு அகலம் 2.2. பழைய காட்சியை அதில் காட்ட இரண்டே வழிகள். இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு நடுவில் சிறியதாகக் காட்டலாம். அல்லது அகலம் நிரம்பும்வரை பெரிதாக்கி, மேலும் கீழும் வெட்டலாம். இரண்டாவது வழியில் போனால் படத்தின் 38 விழுக்காடு காணாமல் போகும். சாதாரண 1.85 திரையில்கூட 26 விழுக்காடு போய்விடும். மேலே தலைமுடி, கீழே பாதம்.

இது வெறும் கணக்கு அல்ல. 1940ல் வந்த ‘பிராட்வே மெலடி’ படத்தில் அஸ்டேரும் எலினர் பவலும் சேர்ந்து ஆடும் ‘பிகின் தி பிகீன்’ நடனத்தை எடுத்துக்கொள்வோம். முதல் தொகுப்பில் அது இடம்பெறுகிறது. கறுப்பு வெள்ளைப் படம். தரை கண்ணாடிபோல் பளபளக்கிறது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று, இசை நின்ற இடத்திலும் நிறுத்தாமல், காலணியின் ஒலியாலேயே ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பதில் சொல்கிறார்கள். தரையில் அவர்களுடைய பிம்பம் தலைகீழாக அதே தாளத்தில் ஆடுகிறது. ஷாட் நீள்கிறது, வெட்டே வரவில்லை. இதன் கீழ்ப்பகுதியை வெட்டினால் என்ன மிஞ்சும்? இரண்டு பேர் தோளைக் குலுக்கிக்கொண்டு சிரிப்பது மட்டும்தான். தட்டும் ஒலி கேட்கும், தட்டுகிற கால் தெரியாது. ‘கான் வித் தி விண்ட்’ படத்தை 1967ல் 70 மி.மீ.க்கு மாற்றியபோது இப்படித்தான் வெட்டினார்கள். ஒரு நாடகக் காட்சி அந்தச் சேதத்தைத் தாங்கிக்கொள்ளலாம். டாப் நடனத்தால் தாங்க முடியாது.

1980களில் வீடியோ கேசட் வீடுகளில் பரவியது. படம் பதிந்த கேசட்டின் விலை அப்போது அமெரிக்காவில் 50 முதல் 80 டாலர் வரை இருந்ததால், பெரும்பாலானவர்கள் வாடகைக்குத்தான் எடுத்தார்கள். எம்.ஜி.எம். முதலில் சி.பி.எஸ். நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து கேசட் வெளியிட்டது. படத் துலக்கம் சுமார் 240 கோடுகள். ஆனாலும் அந்தக் கேசட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதுவரை ஒரு நடனத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமென்றால், ஏதாவது திரையரங்கம் பழைய படம் போடும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் நள்ளிரவுத் தொலைக்காட்சியில் விளம்பரங்களுக்கு இடையே பார்க்க வேண்டும். நடனம் கற்கும் பிள்ளைகள் ஒரு காலடியை ரீவைண்ட் செய்து பத்து முறை பார்க்க முடிந்தது கேசட்டால்தான். தொலைக்காட்சிப் பெட்டி 1.33 அளவு என்பதால், பழைய சதுரப் படங்கள் வீட்டில் ஏறக்குறைய முழுசாகவே தெரிந்தன. அகலத் திரைக்காக இழந்த பாதத்தை அஸ்டேர் பதினான்கு அங்குலப் பெட்டியில் திரும்பப் பெற்றார்.

அடி விழுந்தது அகலத் திரையில் எடுத்த படங்களுக்கு. 1954ல் வந்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ சினிமாஸ்கோப் படம், அகலம் 2.55. மைக்கேல் கிட் அமைத்த களஞ்சியம் கட்டும் விழா நடனம் முதல் தொகுப்பின் உச்சங்களில் ஒன்று. ஆறு சகோதரர்கள், ஆறு பெண்கள், அதே பெண்களை விரும்பும் ஊர் இளைஞர்கள் ஆகியோர் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பரவி நிற்பார்கள். போட்டியே அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கேசட்டுக்காக இதைச் சதுரமாக்கியபோது படத்தின் 48 விழுக்காடு வெளியே போனது. மிச்சமுள்ள பாதிக்குள் கேமரா இடமும் வலமுமாக நகர்வதுபோல் செயற்கையாக இழுத்தார்கள். இதற்கு ‘பேன் அண்ட் ஸ்கேன்’ என்று பெயர். ஒருவர் தாவுவார், யாரை மிஞ்சுவதற்காகத் தாவினார் என்பது சட்டத்துக்கு வெளியே இருக்கும். விந்தை என்னவென்றால், எல்லாத் திரையரங்குகளிலும் சினிமாஸ்கோப் வசதி இல்லாத காரணத்தால் எம்.ஜி.எம். இந்தப் படத்தை இரண்டு முறை எடுத்திருந்தது. ஒரு காட்சியைச் சினிமாஸ்கோப்பில் எடுத்து முடித்ததும், அதையே குறுகிய சட்டத்துக்கு மறுபடி ஆடவைத்தார்கள். அந்த இரண்டாவது படம் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 2004ல் டிவிடியில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது.

லேசர் டிஸ்க் வாங்கியவர்கள் சிறு கூட்டம். முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டு, பக்கத்துக்கு அரை மணி அல்லது ஒரு மணி. ஆனால் இசைப்பட ரசிகர்களுக்கு அது பொற்காலம். அகலத் திரைப் படங்களை மேலும் கீழும் கறுப்பு விட்டு முழு அகலத்தோடு வெளியிடும் வழக்கம் அங்கேதான் வேரூன்றியது. அரை மணி வட்டில் ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, தெளிவு குறையாமல் பார்க்கலாம். ஒரு துள்ளலில் குதிகால் எப்போது தரையை விடுகிறது என்பதை எண்ணிவிடலாம்.

ஒலியிலும் ஒரு புதையல் கிடைத்தது. எம்.ஜி.எம். ஒலித்துறை 1930களின் இறுதியிலிருந்தே பாடல் பதிவின்போது பல மைக்குகளை வெவ்வேறு இடங்களில் வைத்து, தனித்தனிப் படச்சுருள்களில் பதிவு செய்துவந்தது. ‘ஆங்கிள்’ என்று அவற்றுக்குப் பெயர். திரையரங்குக்குப் போனது ஒற்றைத் தட ஒலிதான், கலக்கும்போது வசதியாக இருக்கட்டும் என்றே இத்தனை சுருள்கள். அவற்றை மீண்டும் ஒன்று சேர்த்தபோது, 1940களின் பாடல்கள் உண்மையான ஸ்டீரியோவில் எழுந்தன. வயலின் ஒரு பக்கம், பித்தளைக் கருவிகள் மறுபக்கம், நடுவில் கார்லண்டின் குரல்.

இதற்கிடையே உரிமை கைமாறிக்கொண்டிருந்தது. 1986ல் டெட் டர்னர் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கி, பிறகு பலவற்றைத் திருப்பி விற்றுவிட்டு, பழைய படங்களின் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் பூசியதற்காக அவரைத் திரைத்துறை கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. ஆனால் 1994 ஏப்ரலில் டி.சி.எம். அலைவரிசையைத் தொடங்கிப் பழைய படங்களை வெட்டாமல் ஒளிபரப்பியதும் அவர் நிறுவனம்தான். 1996ல் டர்னர் நிறுவனம் டைம் வார்னருடன் இணைந்தது. வீட்டு வீடியோ உரிமை மட்டும் எம்.ஜி.எம்.மிடமே இருந்தது. 1999ல் எம்.ஜி.எம். தன் வீடியோ விநியோக ஒப்பந்தத்திலிருந்து விடுபட வார்னருக்கு 22.5 கோடி டாலர் கொடுத்தபோது, அந்த உரிமையும் வார்னரிடம் போனது. எம்.ஜி.எம். சிங்கம் கர்ஜிக்கும் படங்களின் டிவிடி அட்டையில் வார்னர் முத்திரை இருப்பது இதனால்தான்.

தொகுப்புகளில் இரண்டாவது 1976ல் வந்தது. அஸ்டேருக்கு அப்போது வயது 77. அவரும் கெல்லியும் சேர்ந்து ஆடிய புதிய இணைப்புக் காட்சிகளைக் கெல்லி இயக்கினார். ‘ஸீக்ஃபெல்ட் ஃபாலீஸ்’ படத்துக்குப் பிறகு அவர்கள் திரையில் சேர்ந்து ஆடியது இதில்தான். அதற்காகவும், சால் பாஸ் அமைத்த பெயர்ப் பட்டியலுக்காகவும் பார்க்கலாம். மற்றபடி நகைச்சுவைத் துணுக்குகளும் கலந்திருப்பதால் முதல் படத்தின் கட்டுக்கோப்பு இதில் இல்லை. 1985ல் ஹேலி எடுத்த ‘தட்ஸ் டான்சிங்’, மற்ற ஸ்டுடியோக்களின் நடனங்களையும் சேர்த்துக்கொண்டது. ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்திலிருந்து வெட்டப்பட்ட ரே போல்ஜரின் வைக்கோல் மனிதன் நடனம் முழுசாகக் கிடைத்தது அதன் பெரிய கொடை.

உண்மையான அதிசயம் 1994ல் வந்த மூன்றாம் பாகம். இயக்கியவர்கள் பட் ஃபிரீட்ஜன், மைக்கேல் ஷெரிடன். முதல் படம் ஸ்டுடியோ காட்டியதைக் காட்டியது. இந்தப் படம் ஸ்டுடியோ மறைத்ததைக் காட்டுகிறது.

‘லேடி பி குட்’ படத்தில் எலினர் பவல் ஆடும் ‘ஃபேஸினேட்டிங் ரிதம்’ காட்சியை, பெர்க்லி இயக்கினார். பார்வையாளர் கண்ணுக்கு, கேமரா பின்னால் போகப் போகத் திரைகள் விலகி, பெரிய பியானோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படுகின்றன. மூன்றாம் பாகம் திரையை இரண்டாகப் பிரித்து, படப்பிடிப்பின்போது இன்னொரு கேமரா எடுத்த படத்தைப் பக்கத்தில் ஓட்டுகிறது. அங்கே ஒரு கூட்டமே ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா போக வழிவிட்டுச் செட்டைப் பிரிக்கிறார்கள், பியானோக்களை இழுக்கிறார்கள், மறைகிறார்கள். பவலோ எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டே தட்டுகிறார். படப்பிடிப்புத் தொழிலாளர்களுக்கு இதைவிட நல்ல மரியாதையை எந்த விருது விழாவும் செய்ததில்லை.

அடுத்து அஸ்டேர். ‘பெல் ஆஃப் நியூயார்க்’ படத்தின் ஒரு நடனத்தை முதலில் எளிய உடையில் படமாக்கினார்கள். பிறகு உடையையும் பின்னணியையும் மாற்றி, நடனத்தை முழுவதும் மறுபடி எடுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், தோளின் சாய்வும் கையின் வீச்சும் காலின் இழுப்பும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தற்செயலாக வந்ததுபோல் தோன்றும் ஒரு சிறு தள்ளாட்டம்கூட இரண்டிலும் அதே நொடியில் வருகிறது. அஸ்டேர் எவ்வளவு ஒத்திகை பார்ப்பார் என்று புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்தக் காட்சி சில நிமிடங்களில் நிறுவிவிடுகிறது. இரண்டு சட்டத்திலும் பாதம் முழுதாகத் தெரிவதால்தான் நிறுவ முடிகிறது.

லீனா ஹார்ன் பேசும் பகுதி வேறு வகையில் நெஞ்சை உலுக்குவது. கறுப்பினப் பாடகியான அவருடைய பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாகப் படமாக்குவார்கள். தென் மாநிலத் திரையரங்குகள் விரும்பினால் வெட்டிக்கொள்ளலாம் என்பதற்காக. ‘கேபின் இன் தி ஸ்கை’ படத்தில் நுரை நிரம்பிய தொட்டியில் அமர்ந்து அவர் பாடிய பாடல் நீக்கப்பட்டது. அந்தக் காட்சியைக் காட்டிவிட்டு, தனக்கு நடந்ததை அவரே நிதானமாகச் சொல்கிறார். ‘ஷோ போட்’ படத்தில் அவர் விரும்பிய ஜூலி வேடம் ஏவா கார்ட்னருக்குப் போனது. கார்ட்னர் தன் சொந்தக் குரலில் நன்றாகவே பாடியிருந்தும், திரையில் அனெட் வாரனின் குரல்தான் ஒலித்தது. மூன்றாம் பாகம் கார்ட்னரின் குரலையே அந்தக் காட்சிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. சிட் சரீஸ் ‘பேண்ட் வேகன்’ படத்துக்கு ஆடி வெட்டப்பட்ட பாடலின் ஒலிப்பதிவு அப்படியே எடுக்கப்பட்டு, அதே ஆண்டு ‘டார்ச் சாங்’ படத்தில் முகத்தில் கருமை பூசிய ஜோன் கிராஃபோர்டின் வாயில் பொருத்தப்பட்டது. இருவருக்கும் பின்னணி பாடியவர் இந்தியா ஆடம்ஸ். இரண்டையும் இணையாகக் காட்டும்போது, எது நடனம், எது வெறும் அபிநயம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

2004 அக்டோபரில் வார்னர் மூன்று படங்களையும் நான்கு டிவிடிகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. நான்காவது வட்டு முழுவதும் கிடங்கிலிருந்து எடுத்த கூடுதல் காட்சிகளும் ஆவணங்களும். ஒவ்வொரு காட்சியும் தன் சட்ட அளவில் வருவதால், படம் ஓடும்போதே திரை சுருங்கி விரிகிறது. சிலருக்கு இது எரிச்சல். ஆனால் இதுதான் நேர்மையான வழி. இதற்குப் பின் இந்த வரிசை ப்ளூரே வட்டிலும் கிடைத்தது.

நிறத்தின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. டெக்னிகலர் படங்கள் மூன்று கறுப்பு வெள்ளைச் சுருள்களாகப் பதிவானவை. ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் ஒரு சுருள். காலப்போக்கில் மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கும். அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அச்சிட்டால் ஓரங்களில் நிறம் கசியும். 1978ல் ரோசெஸ்டர் நகரின் ஈஸ்ட்மன் ஹவுஸ் கிடங்கில் பிடித்த தீ, 329 படங்களின் நைட்ரேட் சுருள்களை அழித்தது. வார்னர் பொறியாளர்கள் உருவாக்கிய ‘அல்ட்ரா ரெசல்யூஷன்’ முறை, எஞ்சிய மூன்று சுருள்களையும் கணினியில் தனித்தனியாக ஏற்றி, ஒவ்வொரு சட்டத்தையும் நீட்டிச் சுருக்கிப் பொருத்தியது. 2002ல் ‘சிங்கின் இன் தி ரெய்ன்’ டிவிடி அப்படி வந்தது. 2022ல் அதே படம் 4கே வட்டிலும் வந்துவிட்டது.

இங்கேதான் தொகுப்புப் படங்கள் பின்தங்குகின்றன. 1974ல் ஹேலி கையாண்டவை நகலிலிருந்து எடுத்த நகல்கள். தனிப்படங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கிவர, தொகுப்பில் அதே காட்சி மங்கலாக நிற்கிறது. புதிதாகத் துலக்கிய காட்சிகளை எடுத்துப் பழைய தொகுப்புக்குள் ஒட்டிவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். அது தவறு. அந்தப் படம் 1974ல் ஒரு ஸ்டுடியோ தன்னை எப்படிப் பார்த்துக்கொண்டது என்பதன் சான்று. எங்கே வெட்டியது, எதை விட்டது, எதைப் பெரிதாக்கியது என்பதெல்லாம் அந்தச் சான்றின் பகுதி. அதைத் தொடக் கூடாது. அன்றைய 70 மி.மீ. வடிவத்தையும் ஒலியையும் உள்ளது உள்ளபடி 4கேயில் பதிவுசெய்ய வேண்டும். கூடவே இன்னொரு வட்டு வேண்டும். அதில் மூன்று தொகுப்புகளிலும் வரும் பாடல்கள் அனைத்தும், சுருக்கப்படாத முழு நீளத்தில், இன்று கிடைக்கும் சிறந்த மூலத்திலிருந்து, அவை படமாக்கப்பட்ட அதே சட்ட அளவில் இருக்க வேண்டும். ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தின் பதினேழு நிமிட பாலே முதல் தொகுப்பில் சுருக்கித்தான் வருகிறது, அதுவும் இந்த வட்டில் முழுசாக வர வேண்டும். உரிமை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருக்கிறது. துலக்கிய சுருள்களில் பெரும்பகுதி தயாராக இருக்கிறது. வட்டு விற்பனை குறைந்துவரும் இந்த ஆண்டுகளிலேயே அதைச் செய்துவிடும்படி வார்னரைக் கேட்பதற்கு, இந்தப் படங்களை நேசிக்கிற எல்லோருக்கும் உரிமை உண்டு.